பனிக்கடலில் யோவா

தென்னாட்டிலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்து குடியேறியோர், தாம் கழித்த முதல் குளிர்காலத்தை எளிதில் மறப்பதில்லை. நாம் தில்லிக்கு வந்த ஆண்டின் மார்கழியில், ஊரிலிருந்து கொணர்ந்த கம்பளிச் சட்டை ஒன்றே போதும் என்று எண்ணியிருந்தோம். ஒரு வாரம் இருமிக் கிடந்தபின், அடுத்த வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி ஒருவர் வந்து, பஞ்சு அடைத்த ரஜாயை எப்போது வெயிலில் இடுவது, எப்போது எடுத்து மடிப்பது, எந்தச் சன்னலை எத்தனை மணிக்கு அடைப்பது என்றெல்லாம் கற்பித்தார். அவர் பேசியதில் பாதிதான் நமக்கு விளங்கிற்று. ஆயினும் அக்குளிர்காலம் அவர் தயவால் நலமே கழிந்தது.

இச்சிறு அனுபவத்தை நினைக்கும்தோறும் வேறொரு குளிரின் வரலாறு நம் கருத்தில் எழுவதுண்டு. அது உலகின் வடகோடியில், கனடாவுக்கு அப்பால் உள்ள பனிக்கடலில் நிகழ்ந்தது. ஒரே தீவின் அருகே, ஏறத்தாழ அறுபது ஆண்டு இடைவெளியில், இரு கூட்டத்தார் பனியில் தங்க நேர்ந்தது. முதற்கூட்டத்தார் 129 பேர். அவருள் ஒருவரும் மீளவில்லை. இரண்டாம் கூட்டத்தார் எழுவர். அத்தீவில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தபின், எழுவரும் நலமாகவே அங்கிருந்து கப்பலேறினர். இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஐரோப்பியர் அப்பனிக்கடலுக்குச் செல்லத் தலைப்பட்டதற்கு நம் நாடும் ஒரு காரணமாகும். கிழக்கிந்திய நாடுகளின் மிளகும் பட்டும் அவர்களைக் கவர்ந்தன. ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் வழி நெடியது. அதனைப் போர்ச்சுகீசியர் முன்னரே கைக்கொண்டிருந்தனர். வட அமெரிக்காவின் உச்சியைச் சுற்றி மேற்கே சென்றால் ஆசியாவை அடையலாம் என்ற நம்பிக்கை ஆங்கிலேயரிடம் வேரூன்றியது. 1576-இல் மார்ட்டின் புரோபிஷர் அவ்வழியைத் தேடிச் சென்றார். கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றி ஈராண்டு கூட நிறைவுறாத 1602-ஆம் ஆண்டில், அக்கம்பெனியே ஜார்ஜ் வேமத் என்பவரை இரு கப்பல்களுடன் அத்திசையில் அனுப்பிற்று. அவர் வழி காணாமலே திரும்பினார். பின்னர் மூன்று நூற்றாண்டுக் காலம் அந்த 'வடமேற்கு வழி' கப்பலோட்டிகளின் தீராத வேட்கையாக நின்றது.

அக்கடல் ஒரே பரப்பாக விரிந்து கிடப்பதன்று. எண்ணற்ற தீவுகளும் அவற்றிடையே குறுகிய நீரிணைகளும் நிறைந்தது. ஆண்டின் பெரும்பகுதியில் நீர் உறைந்து கிடக்கும். கோடையில் சில வாரங்கள் மட்டுமே பனிக்கட்டி பிளந்து வழிவிடும். எந்த நீரிணை எந்த ஆண்டில் திறக்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது. தவறான வழியில் புகுந்த கப்பலைப் பனி நாற்புறமும் சூழ்ந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

1845-ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் கடற்படை சர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களை அனுப்பியது. முகப்பில் இரும்புத் தகடு போர்த்தி, நீராவி எந்திரம் பொருத்தி, மூன்று ஆண்டுகளுக்கு வேண்டிய உணவை நிறைத்து, அக்காலத்தின் கைத்திறன் அனைத்தையும் கொட்டி அமைத்த கப்பல்கள் அவை. முதற் குளிர்காலத்தைப் பீச்சித் தீவில் கழித்தனர். அங்கே மூவரை அடக்கம் செய்தனர். 1846-இல் தெற்கு நோக்கி வந்து, கிங் வில்லியம் தீவின் வடமேற்கே செப்டம்பர் மாதம் பனியில் அகப்பட்டனர்.

இவ்விடத்தில் ஒரு பிழையைக் குறிப்பிட வேண்டும். பிராங்க்ளினிடம் இருந்த வரைபடத்தில் அத்தீவு தீவாகக் காட்டப்படவில்லை. கிழக்கே உள்ள பூதியா நிலப்பகுதியோடு இணைந்த நிலமாகவே வரையப்பட்டிருந்தது. ஆகவே கிழக்குப்புறம் வழி இல்லை என்று கொண்டு, மேற்குப்புறமாகச் சென்றார். வடமேற்கிலிருந்து பல ஆண்டுப் பழமையான கனத்த பனிக்கட்டி ஓயாது தள்ளப்பட்டு வந்து குவியும் இடம் அதுவே. கிழக்குப்புறத்திலோ தீவே காப்பாக நின்று, அக்கனத்த பனியைத் தடுத்துவிடுகிறது. காகிதத்தில் விழுந்த ஒரு தவறான கோடு இரு கப்பல்களையும் அழிவின் வாயில் செலுத்திற்று.

1847 ஜூன் மாதம் பிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில், எஞ்சியிருந்த 105 பேரும் கப்பல்களைக் கைவிட்டுப் பனிமேல் இறங்கித் தெற்கே நடந்தனர். பிற்காலத்தில் தேடிச் சென்றோர், வழியில் சறுக்குவண்டி மீது ஏற்றப்பட்ட பெரும் படகு ஒன்றையும், அதனுள் இருவரின் எலும்புகளையும் கண்டனர். வெள்ளிக் கரண்டிகள், பட்டுக் கைக்குட்டைகள், நூல்கள், தேயிலை முதலியன அப்படகில் இருந்தன. பசியால் தளர்ந்த மாந்தர், தம் ஊரின் வாழ்வையே இழுத்துச் செல்ல முயன்றனர் போலும்.

இக்கூட்டத்தாரின் முடிவை வெளியுலகுக்கு முதலில் அறிவித்தவர் ஜான் ரே என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர். அவர் பனிநாட்டு மக்களின் முறையில் பயணம் செய்யப் பழகியவர். அம்மக்களை முன்பு எஸ்கிமோக்கள் என்றனர். அவர்கள் தம்மை இன்யூயிட் என்றே அழைத்துக்கொள்கின்றனர். 1854-இல் ரே அவர்களைச் சந்தித்தபோது, வெள்ளைக்காரர் பலர் பட்டினியால் மடிந்தனர் என்றும், இறுதியில் இறந்தோரின் உடலையே உண்ண நேர்ந்தது என்றும் அவர்கள் கூறினர். பிராங்க்ளின் கூட்டத்தாரின் வெள்ளிப் பொருள்களையும் காட்டினர். அப்பயணத்திலேயே கிங் வில்லியம் நிலம் ஒரு தீவு என்பதையும், அதன் கிழக்கே நீரிணை உண்டு என்பதையும் ரே கண்டறிந்தார். அது இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது.

இச்செய்தியை இங்கிலாந்து ஏற்க மறுத்தது. புகழ்பெற்ற நாவலாசிரியரான சார்லஸ் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் இதனை மறுத்து எழுதினார். அவர் ஐயுற்றது இன்யூயிட் மக்களின் சொல்லை மட்டுமன்று; அச்சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்ன துபாஷியையும் ஐயுற்றார். வில்லியம் ஊலிக்பக் என்னும் அத்துபாஷி இன்யூயிட் இனத்தவர். அவர் நன்கறிந்தே மொழிபெயர்த்தார் என்று ரே அவருக்காக வாதாடினார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வழக்கில் ஒரு பக்கச் சார்பு இருப்பது இயல்பே. ஆயினும் தீர்ப்பு நம்முடையதன்று. அத்தீவில் கிடைத்த எலும்புகளை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்தோர், அவற்றில் கத்தியின் தடங்களைக் கண்டனர். ஊலிக்பக் பெயர்த்துச் சொன்னது மெய்யே என்பது அதனால் விளங்கிற்று.

இனி இரண்டாம் கூட்டத்தாரிடம் வருவோம். நார்வே நாட்டினரான ரோல்ட் அமுண்ட்சென் 1872-இல் பிறந்தவர். பிராங்க்ளினின் கதையை இளமையிலேயே படித்துப் பனிக்கடல் மீது பற்றுக்கொண்டவர். அவர் விலைக்கு வாங்கிய 'யோவா' என்னும் கப்பலும், தற்செயலாக, அவர் பிறந்த அதே ஆண்டில் கட்டப்பட்டதே. நீளம் 70 அடி, அகலம் 20 அடி, கொள்ளளவு 47 டன். முன்பு ஹெர்ரிங் மீன் பிடிக்கப் பயன்பட்ட பாய்மரக் கப்பல் அது. 13 குதிரைத்திறன் கொண்ட சிறு எந்திரம் ஒன்றை அதில் பொருத்தினர். பெரிய கப்பல்கள் தோற்ற இடத்தில் சிறிய கப்பலும் சிறிய கூட்டமும் வெல்லக்கூடும் என்பது அமுண்ட்செனின் துணிபு. ஆழமற்ற நீரில் சிறு கப்பல் நுழையும். சிலரேயாயின் வேட்டையாடியும் உயிர் வாழலாம்.

பணம்தான் இல்லை. கடன் கொடுத்தோர் கப்பலைப் பறிமுதல் செய்வோம் என்று மிரட்டினர். ஆகவே 1903 ஜூன் 16-ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில், எழுவரும் கிறிஸ்தியானியா துறைமுகத்தை விட்டுச் சத்தமின்றிப் புறப்பட்டனர். அந்நகரமே இன்றைய ஆஸ்லோ. கிரீன்லாந்தில் நாய்களை ஏற்றிக்கொண்டு, ஆகஸ்ட் மாதம் பீச்சித் தீவை அடைந்து, பிராங்க்ளினின் ஆட்கள் மூவர் துயிலும் கல்லறைகளைக் கண்டனர். அங்கிருந்து தெற்கே திரும்பி, ரே கண்ட கிழக்கு வழியையே நாடினர். அவ்வழியும் எளிதாக இல்லை. கப்பல் பாறைத்திட்டில் மோதிற்று. எந்திர அறையில் எரிநெய்த் தொட்டிகளின் அருகே தீப்பற்றிற்று. மீண்டும் தரைதட்டிப் புயலில் அலைப்புண்டது. மேல்தளத்தில் இருந்த சரக்குப் பெட்டிகள் பலவற்றைக் கடலில் எறிந்து கப்பலை இலேசாக்கியே தப்பினர். செப்டம்பர் 9-இல் கிங் வில்லியம் தீவின் தென்கிழக்கே அழகியதொரு சிறு துறையை அடைந்து நங்கூரமிட்டனர்.

அத்துறையில் அவர்கள் இருபத்து மூன்று மாதம் தங்கினர். தங்கியதற்கு அறிவியல் காரணமும் இருந்தது. திசைகாட்டியின் முள் நாடும் காந்த வடதுருவத்தை 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அருகிலுள்ள பூதியாவில் கண்டறிந்திருந்தார். அது அதே இடத்தில் நிற்கிறதா, நகர்கிறதா என்று அறிவதே அமுண்ட்செனின் நோக்கம். ஏறத்தாழ பத்தொன்பது மாதம் இரவும் பகலும் கருவிகளைக் கொண்டு அளந்தனர். காந்த துருவம் ராஸ் கண்ட இடத்தை விட்டு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நகர்ந்திருந்தது அவ்வளவுகளால் தெளிவாயிற்று. அது நிலையானதன்று என்னும் உண்மைக்குத் தக்க சான்று இங்ஙனம் கிடைத்தது.

அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் இன்யூயிட் மக்களின் ஒரு பிரிவினரான நெட்சிலிக் மக்கள் அங்கு வந்தனர். இரு திறத்தாரும் முதலில் அஞ்சியே அணுகினர், விரைவில் நட்பாயினர். இங்கேதான் அமுண்ட்செனின் உண்மையான கல்வி தொடங்கியது எனலாம். தெராயூ என்னும் முதியவர் அவருக்கும் தோழர்களுக்கும் பனிவீடு கட்டக் கற்பித்தார். எல்லாப் பனியும் வீட்டிற்கு உதவாது. கோலால் குத்திப் பார்த்து, உறுதியாகவும் சீராகவும் படிந்த பனியைத் தேர்ந்து, நீண்ட கத்தியால் கட்டிகளாக அறுத்து, சுருள்வட்டமாக உட்புறம் சாய்த்து அடுக்கிக்கொண்டே போக வேண்டும். சொல்லக் கேட்பதற்கு எளிது. நார்வேக்காரர்கள் கட்டிய முதல் வீடுகளைக் கண்டு அம்மக்கள் நகைத்தனர். நகைப்பைப் பொறுத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் கட்டிப் பழகினர்.

உடையிலும் அவ்வாறே. ஐரோப்பியர் அணிந்த இறுக்கமான கம்பளி உடை வியர்வையை உறிஞ்சும். நடை நின்றதும் அவ்வீரம் உறைந்து, உடையே பனிக்கட்டியாகிவிடும். நெட்சிலிக் மக்களோ பனிமான் தோலால் இரண்டடுக்கு உடை தைத்தனர். உள்ளாடையின் மயிர் உடலை நோக்கியும், மேலாடையின் மயிர் வெளிநோக்கியும் இருக்கும். இரண்டும் தொளதொளவென்று தொங்குவதால் இடையே காற்று உலாவி வியர்வை தங்காமல் போகும். 1904 மார்ச்சில், உறைநிலைக்குக் கீழே 50 பாகையையும் கடந்த குளிரில் பயணம் புறப்பட்டுப் பாதியிலேயே திரும்பியபோது, கற்க வேண்டியது இன்னும் எவ்வளவு உண்டு என்பதை அமுண்ட்சென் உணர்ந்தார். சறுக்குவண்டியின் அடிக்கட்டைகளில் நீரைத் தடவி, மெல்லிய பனித்தோல் படியச் செய்து, வண்டி வழுக்கிச் செல்ல வைக்கும் நுட்பத்தையும், நாய்களைப் பூட்டி ஓட்டும் முறையையும் அவர் மாணவராக இருந்தே பயின்றார்.

இவ்வுறவு முற்றும் சமமானது என்று கூறுவதற்கில்லை. ஊசிக்கும் இரும்புத் துண்டுக்கும் ஈடாக அம்மக்களின் உடைகளையும் கருவிகளையும் நூற்றுக்கணக்கில் பெற்று அமுண்ட்சென் நார்வேக்குக் கொண்டுசென்றார். அவை அந்நாட்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றுட் சில 2013-இல் அத்துறைக்கே திருப்பி அளிக்கப்பட்டன. ஆயினும் தமக்குக் கற்பித்தவர் யார் என்பதை அமுண்ட்சென் மறைத்தவரல்லர். அவர்களை நாகரிகம் என்றுமே சென்று தீண்டாதிருக்கட்டும் என்பதே தம் விருப்பம் என்று தம் நூலில் எழுதினார்.

1905 ஆகஸ்ட் 13-இல் யோவா மீண்டும் நகர்ந்தது. மேற்கே உள்ள சிம்சன் நீரிணை ஆழமற்றது. அதன் பாறைகள் எந்த வரைபடத்திலும் குறிக்கப்படாதவை. ஒருவர் பாய்மர உச்சியில் நின்று நோக்க, ஒருவர் ஓயாது நீரின் ஆழத்தை அளக்க, கப்பல் ஊர்ந்து சென்றது. சில இடங்களில் கப்பலின் அடிக்கும் பாறைக்கும் இடையே ஓரங்குல நீரே இருந்தது. அந்நாட்களில் அமுண்ட்செனுக்கு உணவும் உறக்கமும் கொள்ளவில்லை. ஆகஸ்ட் 26-ஆம் நாள் காலை மேற்கே ஒரு கப்பல் தென்பட்டது. அது சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த திமிங்கில வேட்டைக் கப்பல். பசிபிக் கடல் வழியாக வந்தது. கிழக்கிலிருந்து வந்த கப்பலும் மேற்கிலிருந்து வந்த கப்பலும் ஒன்றையொன்று கண்டதும், மூன்று நூற்றாண்டுக் காலம் தேடிய வழி திறந்துவிட்டது என்பது உறுதியாயிற்று.

வழி திறந்தும் பனி விடவில்லை. சில நாட்களில் யோவா மீண்டும் உறைபனியில் அகப்பட்டு, கிங் முனையில் மூன்றாம் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. செய்தியை உலகுக்கு அறிவிக்க, அமுண்ட்சென் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் பனிமேல் நடந்து, டிசம்பர் 5-இல் அலாஸ்காவின் ஈகிள் என்னும் ஊரிலிருந்து தந்தி கொடுத்தார். அவர் பனியில் இருந்த காலத்திலேயே, 1905 ஜூனில், நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்து தனிநாடாகியிருந்தது. 1906 மார்ச்சில், காந்த அளவுகளைப் பொறுப்பாகச் செய்துவந்த குஸ்தாவ் வீக் நோயுற்று இறந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் எஞ்சிய அறுவரும் அலாஸ்காவின் நோம் நகரை அடைந்தனர்.

அவர்களுடன் வந்திருக்க வேண்டிய இன்னொருவரும் உண்டு. மன்னி என்னும் இன்யூயிட் இளைஞர் வெளியுலகைக் காணும் ஆவலால் தம் சுற்றத்தைப் பிரிந்து கப்பலில் ஏறியிருந்தார். அவர் அக்கோடையில் ஹெர்ஷல் தீவருகே நீரில் மூழ்கி இறந்தார். வெற்றிச் செய்தி பரவிய ஊர்களில் அவர் பெயர் அதிகம் பேசப்படவில்லை. பிழைப்பையோ புதுமையையோ நாடி ஊரைவிட்டுப் புறப்பட்டோர் எவரும் அவரை எண்ணாது இவ்வரலாற்றைப் படித்து முடித்தல் தகாது.

யோவா பல்லாண்டு சான்பிரான்சிஸ்கோப் பூங்கா ஒன்றில் காட்சிப் பொருளாக இருந்து, 1972-இல் நார்வே திரும்பிற்று. இன்று அது ஆஸ்லோவில் பிராம் அருங்காட்சியகத்தில் உள்ளது. அமுண்ட்சென் தாம் கற்ற தோலுடையையும் நாய் ஓட்டும் கலையையும் உலகின் மறுகோடிக்கும் எடுத்துச் சென்றார். 1911 டிசம்பர் 14-இல் தென் துருவத்தை முதன்முதலாக அடைந்தவர் அவரே.

பிராங்க்ளினின் கூட்டத்தாரை நாம் எளிதில் குறைகூறலாகாது. பசித்த நூற்றைந்து பேருக்கு உணவளிக்கும் வளம் அத்தீவின் வடமேற்குக் கரையில் இல்லை. அங்கு வேட்டையாட இன்யூயிட் மக்களே அரிதாகத்தான் சென்றனர். எழுவருக்கு இயன்றது நூற்றுவருக்கு இயன்றிராது. ஆயினும் ஒரு செய்தி நம் சிந்தைக்குரியது. யோவா தங்கிய துறை, கப்பலின் பெயரால் இன்றும் யோவா துறை என்றே வரைபடத்தில் உள்ளது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு வாழ்கின்றனர். இன்யூயிட் மொழியில் அதன் பெயர் உக்சுக்தூக். 'கொழுப்பு மிகுந்த இடம்' என்பது அதன் பொருள். கடல்விலங்குகளின் கொழுப்பே உணவும் விளக்கும் அடுப்புமாகும் நாட்டில், இதனை விடச் செழிப்பான பெயர் வேறில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் பட்டினியால் மடிந்த அதே தீவின் மறுகரைக்கு இப்பெயர் வழங்கியது. அப்பெயரின் பொருளை அவர்களுக்குப் பெயர்த்துச் சொல்லத் துபாஷி ஒருவரும் அக்கப்பல்களில் இல்லை.

இன்யூயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் காத்துவந்த செய்திகள் இறுதியில் பயன் தந்தன. அவர்கள் சுட்டிய கடற்பகுதியில் 2014-இல் எரிபஸ் கண்டுபிடிக்கப்பட்டது. உக்சுக்தூக்கைச் சேர்ந்த இன்யூயிட் ஒருவர், முன்னொரு நாள் பனியிலிருந்து பாய்மரம் போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருக்கக் கண்டதாகக் கூறினார். அச்சொல்லை நம்பிச் சென்றோர் 2016-இல் டெரரையும் கண்டனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேடியவை, கேட்க வேண்டியவரைக் கேட்டபின் கிடைத்தன.

வேற்று மாநிலத்தில் வாழும் நாம் நம் வெள்ளிக் கரண்டிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை; நம் மொழியும் உணவும் நம்முடன் வரட்டும். ஆனால் வந்த ஊரின் குளிரை அறிந்தவர் அடுத்த வீட்டில் இருக்கிறார். அவரிடம் சென்று கேட்பதற்கு முதலில் வேண்டுவது அவருடைய மொழியில் நான்கு சொற்கள். தவறாகச் சொன்னால் அவர் நகைப்பார் என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை.